ஆறாவது தகரம்

தூய நீரின் வழியே மின்சாரம் எளிதில் ஓடுவதில்லை. எரிசாராயத்தின் வழியேயும் அவ்வாறே. ஆனால் நீரில் சிறிது உப்பைக் கரைத்துவிட்டால் ஓட்டம் பிறக்கிறது. அதே அளவு உப்பை, நீரும் எரிசாராயமும் கலந்த கலவையில் கரைத்தால், சாராயத்தின் பங்கு கூடக்கூட அந்த ஓட்டம் தளர்ந்துகொண்டே போகிறது. என் இருபத்து நான்காம் வயதில் நான் அறிந்திருந்த விஞ்ஞானம் ஏறக்குறைய இவ்வளவே. அதை எந்த ஆசிரியரிடமும் நான் கற்கவில்லை. கற்றிருந்தால் ஒருவேளை அதனைச் சற்றுக் குறைவாக நம்பியிருப்பேன்.

அப்போது நாங்கள் இருந்தது மலாயாவில், லாபுவுக்கு உட்புறமாக அமைந்த ஒரு ரப்பர்த் தோட்டம். ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். ரப்பரை வாங்குவார் இல்லை. மரங்களில் பாதியை வெட்டி வீழ்த்தி, அந்த மண்ணில் மரவள்ளி நட்டிருந்தோம்; அதுவே எங்கள் உணவு. முன்பு நான் பார்த்துவந்த இன்ஜின் அறை எண்ணெய் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. அதிலிருந்து எனக்கு எஞ்சியவை சில கம்பித் துண்டுகளும், ஒரு டார்ச் விளக்கும், துரையின் அலுவலகத் தொலைபேசிக்கு முன்பு உயிர் கொடுத்த பெரிய உலர் மின்கலங்களுமே. மின்கலங்கள் யாவும் செத்தவை.

சிரம்பானில் இராணுவ லாரிகளுக்குப் பொறுப்பான ஒரு ஜப்பானிய அதிகாரி ஒருநாள் தோட்டத்துக்கு வந்தார். பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. மரவள்ளியைப் புளிக்கவைத்து எரிசாராயம் வடித்துத் தரவேண்டும் என்றும், வெள்ளிக்கிழமைதோறும் ஆறு தகரம் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார். பழைய மண்ணெண்ணெய்த் தகரம்தான் அளவு. பத்தில் எட்டுப் பங்காவது சாராயமாக இருந்தால் லாரி ஓடும். அதற்குக் கீழே போனால் இருமிக்கொண்டே நின்றுவிடும். ரப்பர்ப்பாலை உறையவைத்த ஸ்டோரிலேயே அடுப்பு மூட்டி, செப்புக் குழாய் சுற்றி, வடிகலம் அமைத்தோம்.

அந்த வேலைக்கு ஐந்து பேர். கிழங்கு சீவி இடிக்க இருவர். விறகு வெட்டிச் சுமக்க ஒருவர். மனைவி மக்கள் இல்லாத, ஐம்பதை நெருங்கிய மனிதர். அடுப்பையும் வடிகலத்தையும் பார்த்துக்கொள்ள என் அக்காள் கணவர். சாராயத்தின் கெட்டியைப் பார்த்துச் சொல்ல நான். எங்கள் ஐவருக்கும் சிவப்பு முத்திரை குத்திய சீட்டு ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டது. சீட்டு உள்ளவனைச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பமாட்டார்கள். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி எங்களுக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை.

கெட்டியைப் பார்க்கும் வேலை எனக்கு வந்த விதத்தைச் சொல்லவேண்டும். அதிகாரி முதலில் ஒரு கண்ணாடி மிதவை கொடுத்திருந்தார். சாராயத்தில் அதை மிதக்கவிட்டால் கோடு காட்டும். முதல் மாதத்திலேயே அது சிமிந்தித் தரையில் விழுந்து உடைந்தது, வேறொன்று கிடைக்கவில்லை. அவர் கோபத்தில் என்ன செய்வாரோ என்று எல்லோரும் தலை குனிந்து நின்றபோது, எனக்கு ஒரு வழி தெரியும் என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

செத்த மின்கலங்களை உடைத்து உள்ளிருந்த கரித்தண்டுகளை எடுத்தேன். அவற்றை இரண்டு வரிசையாக, இடையே ஒரு தீக்குச்சியின் அகலமே விட்டு, மரச்சட்டத்தில் இறுக்கினேன். ஒரு வரிசையிலிருந்து கம்பி நேரே பேட்டரிக்கு. மற்றதிலிருந்து டார்ச் பல்பின் வழியாகப் பேட்டரிக்கு. பேட்டரியை அதிகாரியே தம் லாரியிலிருந்து வாராவாரம் மாற்றித் தந்தார். கண்ணாடிச் சாடியில் ஒரு பால்டின் அளவு சாராயம். அதில் கால் கரண்டி உப்பு. உப்புக் கரைந்ததும் தண்டுகளை இறக்கி, ஐந்து எண்ணுவதற்குள் பல்பைப் பார்த்துவிடவேண்டும். தாமதித்தால் தண்டுகளில் குமிழ் படிந்து வெளிச்சம் தானாகவே மங்கும். இழை செங்கல் நிறத்தில் கனன்றால் சாராயம் கெட்டி. மஞ்சளானால் தண்ணீர் சேர்ந்தது. வெள்ளையானால் லாரி ஓடாது.

இந்த நிறங்களை நான் கற்பனையாக வகுக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எஞ்சியிருந்த ஒரு குப்பி நல்ல சாராயத்தை நீரில் பங்கு பங்காகச் சேர்த்து, ஒவ்வொரு பங்குக்கும் பல்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சாராயம் ஒரு பங்கு கூடினால் வெளிச்சமும் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்த்தேன், அப்படி நடக்கவில்லை. நீரில் சேர்த்த முதற் பங்குகளிலேயே ஓட்டம் சரிந்து விழுந்தது. ஒரு டின் நீரும் ஒரு டின் சாராயமும் சேர்ந்தால் இரண்டு டின் ஆகாமல் சற்றுக் குறைவதையும், அந்தக் கலவை இரண்டையும்விடக் குழைந்து ஒழுகுவதையும் கண்டேன். உப்பின் துகள்கள் அந்தக் குழைவில் கால் தூக்கி நடக்கமாட்டாமல் தள்ளாடுகின்றன என்று எண்ணிக்கொண்டேன். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் அமர்ந்து படித்தபோது, அந்த எண்ணம் பாதி சரி என்று அறிந்தேன். மறுபாதி, உப்பின் இருவகைத் துகள்களும் நீரில் பிரிந்து திரிவதைப்போலச் சாராயத்தில் பிரியாமல், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடப்பது.

விறகுக்காரருக்கு என் கருவி தீராத வேடிக்கை. சுமையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஜன்னலருகே வந்து நிற்பார்.

"என்னா தம்பி, ஸ்பிரிட்டுக்குக் காய்ச்சலா? ஆஸ்பத்திரி டெசர் மாதிரி குச்சிய வச்சுப் பாக்குற."

"பாக்காட்டி நமக்குத்தான் காய்ச்சல் வரும்ணே."

"உப்பு போட்டுட்ட. இன்னும் ரெண்டு மொளகா கிள்ளிப் போடு. நான் ஊபிக் கெழங்குக்குத் தொட்டுக்கிறேன்."

அவர் உப்பைச் சொன்னது வெறும் கேலியன்று. அக்காலத்தில் உப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. போர்ட் டிக்சன் பக்கம் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த சாம்பல் நிற உப்பு, எப்போதாவது ஒரு பிடி, எதையாவது கொடுத்தால் கிடைக்கும். எங்கள் குடியிருப்பு லயங்களில் மரவள்ளியை உப்பின்றியே வேகவைத்துத் தின்றோம். பிள்ளைகள் முகம் ஊதித் திரிந்தார்கள். எனக்கோ, கருவிக்கென்று அதிகாரி ஒரு சுண்டு அளவு உப்பைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தார். அந்த முடிச்சைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி தம் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அன்றாடத் தேவையை மட்டும் எனக்கு எடுத்துத் தருவார். ஒவ்வொரு முறையும் கால் கரண்டி உப்பைச் சாராயத்தில் கரைத்து, பார்த்து முடிந்ததும் கொட்டிவிடச் சொல்லிச் சாடியை மச்சானிடம் கொடுப்பேன். உப்புக் கலந்த சாராயம் லாரியின் வயிற்றுக்கு ஆகாது.

ஒருநாள் அக்காள் கேட்டாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்; இளையது அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது.

"ஏன் தம்பி, அந்த உப்ப என்னா பண்ணுற?"

"கொட்டிடுறது."

"கொட்டிடுறியா." அவித்த கிழங்கைப் பிள்ளைகள் தட்டில் வைத்தாள். நானும் அதை அத்துடன் மறந்தேன். மறந்தது என் பிழை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். விறகு முழுவதும் ஈரம். விறகுக்காரர் விறகு உலர்த்தும் முட்டுக்குடிசையில் சுமைகளை அடுக்கி, கீழே தணல் வைத்துக் காயவைத்தும் அடுப்பில் புகைதான் வந்தது. வியாழக்கிழமை மாலையில் நான் ஐந்து தகரங்களைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தேன். ஆறாவதில் கால் பங்கும் இல்லை. வெள்ளி காலையில் நான் ஸ்டோருக்குப் போனபோது ஆறாவது தகரமும் நிறைந்து வரிசையில் நின்றது. மச்சான் அடுப்பின் முன் குந்தியிருந்தார். இரவெல்லாம் வடித்திருப்பார் என்று நினைத்து, அவர் கண்களின் சிவப்பைப் பார்த்து இரக்கப்பட்டேன். அதைச் சோதிப்பதற்குள் லாரியின் சத்தம் கேட்டுவிட்டது.

அதிகாரிக்குப் பல்பைப் பார்க்கப் பிடிக்கும். நான் கணக்காக உப்பிட்டுக் கலக்கிக் கொடுப்பேன். தண்டுகளை அவரே இறக்கித் தம் மொழியில் ஐந்து எண்ணுவார். ஐந்து தகரங்களும் செங்கல் நிறம் காட்டின. ஆறாவதில் அவர் தண்டுகளை இறக்கியதும், பல்பு வெள்ளையாக எரிந்தது.

அவர் எண்ணவில்லை. தண்டுகளைத் தூக்கினார், மறுபடியும் இறக்கினார். மறுபடியும் அதே வெளிச்சம்.

"ஆயர்," என்றார் மலாயில். தண்ணீர் என்று பொருள். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் கருவி காட்டியதை நான் எப்படி மறுப்பேன்? தலையை அசைத்தேன். அந்த அசைவை இன்றும் என் கழுத்து நினைவில் வைத்திருக்கிறது.

சாராயத்தைக் குடித்துவிட்டோ விற்றுவிட்டோ தண்ணீர் ஊற்றி நிரப்பினாயா என்று, கிராணியை மொழிபெயர்க்க வைத்து, மச்சானிடம் கேட்டார் அதிகாரி. மச்சான் ஒரே சொல்லில், "தண்ணி ஊத்தல தொவான்," என்றார்; அதிகாரியை எல்லோரும் 'தொவான்', அதாவது ஐயா, என்றே அழைத்தோம். அறை விழுந்தது. மறுபடியும் கேட்டார், மறுபடியும் அதே சொல். பெரட்டுக்களத்தில், நாங்கள் காலையில் வரிசை நின்று பெயர் கொடுக்கும் அந்த வெளியில், தலைக்குமேல் ஒரு விறகுக் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மச்சானை நண்பகல் வரை நிறுத்தினார்கள். அவருடைய சிவப்பு முத்திரைச் சீட்டை அதிகாரி வாங்கிக் கிழித்தார். ஞாயிறு காலை சயாமுக்குப் போகும் லாரிக்கு எங்கள் தோட்டம் எட்டுப் பேர் தரவேண்டியிருந்தது. அந்த எட்டில் மச்சான் பெயர் ஏறியது. மறுநாள் பிற்பகல் பட்டியலைச் சரிபார்க்க வருவதாகவும், ஆறாவது தகரத்தை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, ஐந்து தகரங்களோடு அதிகாரி போனார்.

ஓடிப்போக வழியில்லை. ஒருவர் ஓடினால் அவர் வீட்டாரைப் பிடிப்பார்கள்.

பிற்பகலில் மச்சான் லயத்துக்குத் திரும்பியதும் நான் அவர் அறைக்குப் போனேன். தோள்கள் இறங்கி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். அக்காள் அவர் கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. தண்ணி ஊத்துனீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அக்காள்தான் திரும்பினாள்.

"ஒன் லைட்டு சொல்லிருச்சுன்னா சாமி வந்து சொன்ன மாதிரியா? பதினஞ்சு வருசம் பால் மரம் வெட்டுனவரு. ஒருநாளு பால்ல தண்ணி ஊத்துனாருன்னு கங்காணி சொல்லியிருக்கானா?"

"நான் சொல்லலக்கா. பல்பு..."

"பல்பு என்னா, வாய் வச்சுப் பொறந்ததா? வாய் இருக்கிறது ஒனக்குத்தான். வாய மூடிக்கிட்டுத் தலைய ஆட்டிட்டு வந்திருக்க."

உண்மையைச் சொன்னால், அந்நேரம் வரை நான் மச்சானைத்தான் சந்தேகித்தேன், கருவியைச் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கிராணியிடம் போய், ஆறாவது தகரத்திலிருந்து ஒரு டின் எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.

"தொடாதேன்னு சொல்லியிருக்கான்யா," என்றார் அவர். "நானும் புள்ளகுட்டிக்காரன்."

"ஒரு டின்னுதான் ஐயா. பாத்துட்டுத் திருப்பி ஊத்திடுறேன்."

அவர் எழுந்து, ஸ்டோர்ச் சாவியையும் ஒரு காகித மடிப்பில் அளந்த உப்பையும் என் கையில் வைத்தார்.

கருவியில் பிழை வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேட்டரி தளர்ந்திருந்தால் பல்பு மங்கும், வெளிறாது. சாராயம் சூடாக இருந்தால் ஓட்டம் சற்றுக் கூடும். ஆனால் தகரம் ஓர் இரவு முழுதும் ஆறியிருந்தது. தண்டுகளைத் தேய்த்துக் கழுவினேன். முதல் நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தலை கனத்தது, கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் இயங்கியது. சாடியில் ஒரு டின் சாராயத்தை ஊற்றித் தண்டுகளை இறக்கினேன். பல்பு செங்கல் நிறத்தில், ஒழுங்காக, கெட்டிச் சாராயத்துக்குரிய நிறத்தில் கனன்றது.

எனக்கு மூச்சு வந்தது. சாராயம் நல்லதுதான் போலும், நேற்று உப்பைத்தான் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அந்த நினைப்போடு திரும்பியபோது, ஜன்னல் கட்டையில் உப்பு மடிப்பு பிரிக்கப்படாமல் இருந்ததைக் கண்டேன். சோர்வில் உப்பையே போட மறந்திருந்தேன்.

உப்பில்லாமல் பல்பு எரிந்திருக்கிறது. நீரைக் கலந்திருந்தாலும் உப்பில்லாமல் எரியாது. எங்கள் கிணற்று நீர் அவ்வளவு மென்மையானது. அப்படியானால் அந்தத் தகரத்தில் முன்னமே உப்பு இருந்திருக்கிறது. அதன்மேல் நான் நேற்று இட்டது இரண்டாவது உப்பு. சாராயம் கெட்டியாகவே இருக்க, உப்பு இரட்டித்ததால் வெளிச்சம் இரட்டித்தது. நான் அதைத் தண்ணீர் என்று தலையாட்டினேன்.

கால்கள் தாமாக லயத்துக்கு நடந்தன. மச்சானிடம் பல்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நான் கொட்டச் சொன்ன சாராயத்த எங்க ஊத்துனீங்க?" என்றேன்.

அவர் அக்காளைப் பார்த்தார். அக்காள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கொட்ட மனசு வரல தம்பி. விறகுக்குப் பின்னால ஒரு தகரம் வச்சிருந்தேன். ஒட்டுப்பால் சேக்குற மாதிரி, ஒவ்வொரு தடவையும் அதுலயே ஊத்திட்டு வந்தேன். நெறஞ்சதும் மறுபடி காய்ச்சுனா ஸ்பிரிட்டு தொவானுக்குப் போயிரும், அடியில உப்பு நிக்கும். புள்ளைங்களுக்கு ஆகும்னு ஒங்கக்கா சொல்லுச்சு."

"பெறகு?"

"இந்த வாரம் கொறஞ்சு போச்சு. ஈர விறகு. அதுவும் ஸ்பிரிட்டுதானேன்னு அத எடுத்து நெரவிட்டேன்."

பால் மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். கோப்பையில் வடிந்து உறைந்ததையும், வெட்டுக் கோட்டில் நாடாவாகக் காய்ந்ததையும், தரையில் சொட்டி மண்ணோடு ஒட்டியதையும் சுரண்டிக் கூடையில் சேர்த்துக்கொண்டு போய் நிறுப்பார்கள். ஒட்டுப்பாலும் ரப்பர்தான். நிறை குறைந்த நாளில் அதைக்கொண்டு சரிக்கட்டுவதே பதினைந்து ஆண்டு அவர் கை செய்துவந்த வேலை. பார்த்து முடித்த சாராயமும் அவருக்கு அப்படி ஓர் ஒட்டுப்பால்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"என்னான்னு சொல்லுவேன்? தொவானோட உப்ப ஒளிச்சு வச்சேன்னா? தண்ணி ஊத்துனா ஒரு ஆளு சயாம் போவான். உப்பு திருடுனா வீட்டுல தேடுவான். ஒங்கக்காவ இழுப்பான்."

பிற்பகலில் அதிகாரி வந்தபோது நான் மூன்று சாடிகளை வைத்திருந்தேன். முதலாவதில், காலையில் அடுப்பிலிருந்து புதிதாக இறங்கிய சாராயம். இரண்டாவதில், அதே சாராயத்தோடு பாதிக்குப் பாதி கிணற்று நீர். மூன்றாவதில், ஆறாவது தகரத்துச் சாராயம். ஒன்றிலும் உப்பிடவில்லை, அதை அவர் பார்க்கும்படி உப்பு மடிப்பைப் பிரிக்காமல் கிராணியின் கையிலேயே கொடுத்திருந்தேன்.

"இன்னிக்கு உப்பில்லாம பாக்கணும்னு சொல்லுங்க ஐயா," என்றேன் கிராணியிடம்.

அதிகாரி தண்டுகளை முதல் சாடியில் இறக்கினார். பல்பு இருண்டிருந்தது. இரண்டாவதில் இறக்கினார்; பாதி தண்ணீராக இருந்தும் இருண்டே இருந்தது. மூன்றாவதில் இழை கனன்றது. அவர் எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை அந்தச் சாடியில் நனைத்து நாக்கில் வைத்தார். அவர் மூடர் அல்லர். கிராணியிடம் ஒரு வாக்கியம் சொன்னார்.

"உப்பு எப்பிடி வந்துச்சுன்னு கேக்குறாரு," என்றார் கிராணி. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

மச்சான் எனக்கு இரண்டடி பின்னால் நின்றார். நான் முன்பே சொல்லை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். "நான்தான் சேத்து வைக்கச் சொன்னேன். தொவானோட உப்பு வீணாப் போகக்கூடாதுன்னு. மறுபடி காய்ச்சி எடுத்து அடுத்த சோதனைக்கு வச்சுக்கலாம்னு. எடுத்து வச்சதச் சொல்லாதது என் தப்பு."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமில்லை.

அதிகாரி என்னை நெடுநேரம் பார்த்தார். அறை விழும் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன், விழுந்தது. அதன்பின் அவர் அமைதியாகப் பேசினார். ஆறாவது தகரத்தை உடனே மறுபடி வடிக்கவேண்டும். இனிச் சோதித்த சாராயத்தைத் தரையில் கொட்டவேண்டும். வடிகலக்காரன் தண்ணீர் ஊற்றவில்லை. பட்டியலில் இருந்த மச்சான் பெயரைக் கிராணியின் பேனாவாலேயே அடித்தார்.

மச்சானின் கை என் முதுகில் பட்டது. ஓர் அரைக் கணம் நாங்கள் இருவரும் மனிதர்களாக நின்றோம்.

அதிகாரி பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை எண்ணி, கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு லாரியை நோக்கி நடந்தார்.

"எட்டுன்னா எட்டாம்," என்றார் கிராணி, யாரையும் பார்க்காமல். "நாளைக்குக் காலையில எட்டுப் பேரு நிக்கணும்."

"என் பேரப் போடுங்க," என்றேன். சொல்லவேண்டும் என்பதால் சொன்னேனா, உண்மையாகவே சொன்னேனா என்பதை இத்தனை ஆண்டுகளில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"ஒன்னையப் போட முடியாது. லைட்டு பாக்க வேற ஆளு இல்லேன்னு அவனே சொல்லிட்டுப் போறான்." அவர் பேனாவை மையில் தொட்டார். "ஈர விறகு போட்டவனோட சீட்ட வாங்கிட்டு அவன எழுதுன்னு சொல்றான். வாரம் கொறஞ்சது அதுனாலதானாம்."

கிழங்கு இடிக்கும் ஓசை நின்றிருந்தது. முட்டுக்குடிசை வாசலில் விறகுக்காரர் ஒரு சுமையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சுமையை மெல்ல இறக்கி, வழக்கம்போல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மழை பெய்தது அவர் குற்றமன்று. அதை யாரிடம் நிரூபிப்பது? அதற்கு என்னிடம் கருவி இல்லை.

அன்று மாலைக்குள் ஆறாவது தகரத்தை வடித்து முடித்தோம். கடைசிச் சாராயமும் இறங்கிய பின், பானையின் அடியில் நின்ற நீரை வற்றவிட்டோம். இரண்டு கைப்பிடி உப்பு நின்றது. கரியும் புகையும் கலந்த, சாம்பல் நிற உப்பு. கிராணி வந்து பானையை எட்டிப் பார்த்தார். பிறகு, அடுப்பை நன்றாக அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். மச்சான் அதை ஒரு வாழையிலைக் கிழிசலில் வாரி மடியில் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை பெரட்டுக்களத்தில் லாரி நின்றது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு மூட்டையோடு ஏறினார்கள். விறகுக்காரரின் மூட்டை எல்லாவற்றிலும் சிறியது. அழுவதற்கு அவருக்கென்று ஒருவரும் இல்லாததால், மற்றவர்களின் அழுகைக்கு நடுவே அவர் கொஞ்சம் தனியாக நின்றார். நான் அருகே போனேன்.

அவர்தான் பேசினார். "என்னா தம்பி, கொளத்துல விழுந்தவன் மாதிரி நிக்கிற? ஒன் லைட்டு என்னையப் பாத்து எரியலியே. அப்புறம் என்னா."

"அண்ணே..."

"மச்சான பாத்துக்க. ரம்பத்துல கைய வச்சிருவாரு. விறகு வெட்டத் தெரியாது அவருக்கு."

அப்போது அக்காள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இளைய குழந்தை இடுப்பில் இருந்தது. மடித்த வாழையிலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மூடினாள்.

"சயாம்ல உப்பு கெடைக்காதாம்ணே," என்றாள்.

அவர் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். எதுவென்று அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். குழந்தை முகத்தைச் சுளித்து, பிறகு நாக்கை நீட்டி இன்னும் கேட்டது. அவர் சிரித்தார். லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார்கள்.

அந்த எட்டுப் பேரில் இருவர் போருக்குப் பின் வந்தார்கள். அவர் வரவில்லை. எந்த முகாமில், எந்த நோயில் என்று கேட்டேன், அவ்விருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு தகரங்களும் நிறைந்தன. விறகை மச்சானும் நானும் முறை வைத்துச் சுமந்தோம். ஒவ்வொரு தகரத்திலிருந்தும் ஒரு டின் எடுத்து, கால் கரண்டி உப்பிட்டு, கலக்கி, பார்த்தேன். ஆறும் செங்கல் நிறம் காட்டின. அதிகாரி தலையசைத்தார். சாடியில் இருந்ததை ஒவ்வொரு முறையும் அவர் கண்ணெதிரே தரையில் கொட்டினேன். சாராயம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூப்பு நின்றது. அந்த வாரமும் எங்கள் வீட்டுக் கிழங்கில் உப்பில்லை.